பூச்சி கெடக்கும்

ஜூன் 15, ஞாயிறு

துணிமணி எடுத்து வைத்தாயிற்று. நாளை காலை செம்பட்டி பஸ். அங்கே, வெளிநாட்டு மாணவர்களுக்குக் களப்படிப்பு முகாம் நடத்துகிற நிறுவனத்து வேன் வந்து நிற்கும்.

கோயிலில் ஞாயிறு பூசை முடிந்து வந்ததிலிருந்து அத்தை ஒரே கேள்வியைத் திருப்பித் திருப்பிக் கேட்கிறார். "இந்தா இருக்கிற சித்தையன்கோட்டைக்குப் போயி அஞ்சு வாரம் தங்கணுமாக்கும்? பஸ்ஸுல போயிட்டு பஸ்ஸுல வர வேண்டியதுதான?" விடிவதற்கு முன்னால் தோட்டத்தில் நிற்க வேண்டும் அத்தை என்றேன். அது பாதி உண்மை.

மீதிப் பாதி, இந்த வீட்டில் என்னால் இருக்க முடியவில்லை. பிப்ரவரியில், ஏழாம் மாதத்தில், வலி வந்து பெரியாஸ்பத்திரிக்குப் போனேன். வெறுங்கையோடு திரும்பி வந்தேன். அன்றிலிருந்து இந்த வீட்டில் அதற்கு 'அது' என்றுதான் பெயர். "அது நடந்து நாலு மாசமாச்சு", "அதையே நெனச்சுக்கிட்டு இருக்காத." அத்தை சொல்வதை அப்படியே பாக்கியராஜும் சொல்வார். கட்டின புருஷன், அவருக்கென்று ஒரு வார்த்தை கிடையாது. நான் எங்கே அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன்? எதையுமே நினைக்கவில்லை. இன்று வரை அழவும் இல்லை. காலையில் எழுந்து பல் தேய்க்கிறேன், சோறு வடிக்கிறேன், படுக்கிறேன். பார்க்கிறவர்கள் எல்லாம் என் முகத்தையே பார்க்கிறார்கள், எப்போது உடைவாள் என்று.

நிறுவனத்தின் இயக்குநர் பிராங்கிளின் சார் நேற்று போனில் சொன்னார்: "இந்த கேம்ப்ப நல்லபடியா முடிச்சுக் குடுத்துரும்மா. ஒருங்கிணைப்பாளர் போஸ்ட்டு உனக்குத்தான். தங்குறதுக்கு ரூமும் அங்கயே இருக்கு."

அந்த ரூம் எனக்கு வேண்டும். வேலைகூட அப்புறம்தான். கட்டில், மேஜை, உள்தாழ்ப்பாள். வேறொன்றும் வேண்டாம்.

ஜூன் 16, திங்கள்

டென்மார்க்கிலிருந்து ஒன்பது மாணவர்கள். அவர்களோடு பேராசிரியை, பேர் இங்கர். ஐம்பது வயதிருக்கும், நரைத்த முடியை ஒட்ட வெட்டியிருக்கிறார். கேட்டது எல்லாவற்றையும் எழுதிக்கொள்கிறார்.

பாடத்தின் பெயர் 'வெப்பமண்டலச் சூழலியலும் பண்பாடும்'. காலையில் சூழலியல், சாயங்காலம் பண்பாடு. வண்டு, பறவை, செடியெல்லாம் காலையில். சாயங்காலம் நாங்கள். நான் பஸ் ஏறி வந்த ஊருக்கு இவர்கள் மூன்று விமானம் மாறி வந்திருக்கிறார்கள். இதுதான் அவர்களுக்கு வெளிநாடு. பைப்பில் தண்ணீர் குடிக்காதே, நாயைத் தொடாதே, தொப்பி இல்லாமல் வெளியே போகாதே என்று முதல் வகுப்பு நடந்தது.

நான் தாவரவியல் எம்.எஸ்சி. கல்லூரியில் கௌரவ விரிவுரையாளராக இருந்தவள். இங்கே மொழிபெயர்ப்புதான் வேலை. இந்தப் பக்கம் வாங்கி அந்தப் பக்கம் கொடுப்பது. எனக்கென்று சொந்தமாக ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. நல்லதாகப் போயிற்று.

ஜூன் 18, புதன்

ஆத்தூர் அணையில் பறவைக் கணக்கு. வெயில். மத்தியானம் சோறு, ரசம், கத்தரிக்காய் வெஞ்சனம். சாப்பிட்டேன். ராத்திரி பாக்கியராஜ் போன் செய்தார். "சாப்டியா?" "சாப்ட்டேன்." "ம்." "ம்." வைத்துவிட்டோம்.

ஜூன் 21, சனி

அணைக்குப் போன நாள் போக, இந்த வாரம் முழுக்க நல்லுசாமி என்பவரின் தென்னந்தோப்புதான் வகுப்பறை. தென்னைக்கு அடுத்தாற்போல் அவருடைய மல்லிகைத் தோட்டம். அங்கே பூப்பறிக்கிற பெண்களில் கண்ணம்மாள் என்று ஒருவர், மற்றவர்களுக்கும் சேர்த்து அவரே பேசுகிறார். என்னை டீச்சர் என்று ஒரு தரமும் தாயி என்று ஒரு தரமும் கூப்பிடுகிறார்.

மாணவர்களில் மத்தியாஸ் என்று ஒரு பையன். தென்னங்குருத்தைத் தின்னும் காண்டாமிருக வண்டைப் பற்றிப் படிக்க வந்திருக்கிறான். இதுவரை அவன் கற்ற தமிழ்: நன்றி, போதும், சாப்பாடு, பூச்சி. இன்று பூப்பறிக்கிற பெண்களிடம் போய்க் கும்பிட்டுவிட்டுச் சொன்னான், "நான் மத்தியாஸ். நான் பூச்சி பிடிக்கிறேன்."

கண்ணம்மாள் அவனை மேலும் கீழும் பார்த்தார். "பூச்சி பிடிக்கிற ஆளா? அப்ப மகுடி எங்கப்பு?"

பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒருத்தி கையைப் படம் மாதிரி விரித்து ஆட்டிக் காட்டினாள். மத்தியாஸ் என்னைப் பார்த்தான், என்ன சொல்கிறார்கள் என்று.

இந்தப் பக்கம் காடு கரையில் நிற்கும்போது பாம்பைப் பாம்பு என்று யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். பேரைச் சொன்னால் வந்து நிற்குமாம். பூச்சி என்றுதான் சொல்வார்கள். திண்டுக்கல் டவுனில், மேட்டுப்பட்டியில் பிறந்து வளர்ந்த எனக்கே இது தெரியும். அதைச் சொல்லியிருந்தால் இங்கர் குஷியாகி இரண்டு பக்கம் எழுதியிருப்பார், சாயங்காலப் பாடமே அதுவாகியிருக்கும். அதையெல்லாம் உட்கார்ந்து விளக்க யாருக்குத் தெம்பு இருக்கிறது? சும்மா கிண்டல் பண்ணுகிறார்கள் என்று சொல்லி முடித்துவிட்டேன். அவனும் சேர்ந்து சிரித்தான்.

நல்ல பையன். எதைப் பார்த்தாலும் சந்தோஷப்படுகிறான். எனக்குப் பார்க்கவே அசதியாக இருக்கிறது.

ஜூன் 25, புதன்

சாயங்காலம் கண்ணம்மாள் வந்து பூக்கட்டக் கற்றுக்கொடுத்தார். ஒன்பது பேரும் நாரைச் சிக்கலாக்கி வைத்தார்கள். கடைசியில் தான் கட்டியதைக் கிள்ளி எல்லாப் பெண்பிள்ளைகளுக்கும் வைத்துவிட்டு என்னிடம் வந்தார். "டீச்சரும் வச்சுக்க தாயி, தலை மூளியா இருக்கு." வாங்கி வைத்துக்கொண்டேன். படுக்கப் போகும்போது தலையணையில் உதிர்ந்து கிடந்ததைப் பார்த்துத்தான் பூ வைத்திருந்தது ஞாபகம் வந்தது. வாசனைகூடத் தெரியவில்லை.

ஜூன் 29, ஞாயிறு

பாக்கியராஜ் பைக்கில் வந்தார். அத்தை கொடுத்தனுப்பிய கோழிக்குழம்பு தூக்குவாளியில். படிக்கட்டில் உட்கார்ந்தோம். மில்லில் ஷிப்ட் மாற்றியிருக்கிறார்கள் என்றார். காற்று அடிக்கிறது என்றேன். அவர் மெலிந்த மாதிரி இருந்தது. கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. "சரி, வாரேன்" என்று கிளம்பிவிட்டார்.

ஜூலை 1, செவ்வாய்

பிராங்கிளின் சார் அந்த ரூமைத் திறந்து காட்டினார். கிழக்குப் பார்த்த சன்னல், வெளியே ஒரு புங்கமரம். சுவர் புதிதாக வெள்ளையடித்திருக்கிறது. யாருடைய மூச்சும் அதில் படவில்லை. "ஆகஸ்ட்டுல வந்துரும்மா" என்றார். சரி சார் என்றேன். பிப்ரவரிக்குப் பிறகு நான் ஆசைப்பட்ட ஒரே பொருள் இதுதான்.

ஜூலை 4, வெள்ளி

மத்தியாஸைப் பாம்பு கடித்துவிட்டது. கண்ணாடி விரியன். பெரியாஸ்பத்திரியில் இருக்கிறோம். உயிர் இருக்கிறது.

என் கை நடுங்கவில்லை. ஏன் நடுங்கவில்லை?

ஜூலை 5, சனி

நடந்ததை எழுதி வைக்கிறேன். பிறகு எனக்கே மாறிப் போய்விடும்.

பூப்பறிப்பு முடிகிற நேரம். தோப்பு மூலையில் காய்ந்த மட்டையும் மக்கிய எருவும் குமித்துப் போட்டிருக்கிற இடம். வண்டின் புழு அதற்குள்தான் இருக்கும் என்று மத்தியாஸ் வந்த நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தான். நேற்றுத்தான் அனுமதி கிடைத்தது. கையுறையைக் கழற்றிவிட்டான், புழு நசுங்கிவிடுமாம். கண்ணம்மாள் மடி நிறையப் பூவோடு வரப்பில் வந்தவர், தூரத்திலிருந்தே சத்தம் போட்டார்.

"ஏ தாயி! அந்தக் குமிக்குள்ள பூச்சி கெடக்கும். கைய விட வேணாம்னு சொல்லு!"

சொன்னேன். ஆங்கிலத்தில், ஒரு வார்த்தை பிசகாமல். அதற்குள் பூச்சிகள் இருக்குமாம், கையை விட வேண்டாம் என்கிறார்.

அவன் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். அதற்குத்தானே வந்திருக்கிறேன் என்றான். கண்ணம்மாளைப் பார்த்து, "பூச்சி! நன்றி!" என்று கத்தினான். கையை விட்டான்.

அவன் அலறவில்லை. கையை வெடுக்கென்று இழுத்துப் பார்த்தான், அவ்வளவுதான். அலறியது கண்ணம்மாள். மடியிலிருந்த பூவெல்லாம் கொட்ட ஓடி வந்தார். "பூச்சி போட்டுருச்சு! ஏய், பூச்சி போட்டுருச்சு!" அப்போதுதான் அந்த வார்த்தை எனக்குள் போயிற்று. முதல் தடவை அது எனக்குள் போகவே இல்லை. காதில் வாங்கி அப்படியே வாயால் தள்ளிவிட்டிருக்கிறேன்.

எனக்குத் தெரியாதா? தெரியும். மகுடி எங்கே என்று அவர் கேட்டபோது புரிந்ததே. கையை விடாதே என்று ஒருத்தர் அந்தக் கத்து கத்தினால் புழு பூச்சிக்கா கத்துவார்? அடிப்பாவி, தெரிஞ்சே எப்படிடி சொன்ன? எங்கடி இருந்த நீ?

நல்லுசாமி காரை எடுத்தார். செம்பட்டி தாண்டும்போதே விரல் முருங்கைக்காய் போல வீங்கிவிட்டது. ஈறில் ரத்தம் வந்தது. அப்போதும் அந்தப் பையன் என்னிடம், அது என்ன வகைப் பாம்பு, உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டான். ஆஸ்பத்திரியில் ரத்தத்தை ஒரு கண்ணாடிக் குழாயில் எடுத்து வைத்தார்கள். உறைகிறதா என்று பார்க்க வேண்டுமாம். உறையவில்லை. விஷமுறிவு மருந்து ஏற்ற ஆரம்பித்தார்கள்.

ஜூலை 6, ஞாயிறு

பிரசவ வார்டு எதிர்க் கட்டிடம். இந்த வராந்தாவிலிருந்து அதன் வாசல் தெரிகிறது. காபி வாங்க அதைத் தாண்டித்தான் போக வேண்டும். மூன்று தடவை போய் வந்தேன். ஒன்றும் ஆகவில்லை. காபியில் சர்க்கரை அதிகம்.

மத்தியாஸின் அம்மா டென்மார்க்கிலிருந்து இங்கருக்குப் பேசினார். அழுகிற சத்தத்தில் இங்கர் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டார்.

ஜூலை 8, செவ்வாய்

சிறுநீர் குறைந்துவிட்டது. டயாலிசிஸ் செய்கிறார்கள். விரல் நுனி கறுத்துவிட்டது. ஆண்டவரே, அந்தப் பையனை விட்டுவிடும்.

ஜெபம் என்று வாயைத் திறந்து ஐந்து மாதம் ஆகிறது. பழக்கம் விட்டுப் போயிருக்கிறது.

ஜூலை 9, புதன்

பிராங்கிளின் சார் ஆஸ்பத்திரி கேன்டீனுக்குக் கூப்பிட்டார். டென்மார்க் பல்கலைக்கழகம் விளக்கம் கேட்டிருக்கிறதாம். திங்கட்கிழமை கூட்டம்.

"அந்தம்மா என்ன வார்த்தை சொல்லுச்சு?"

"பூச்சின்னு சொன்னாங்க சார்."

"நீ என்ன சொன்ன?"

"பூச்சின்னு."

"அப்புறம் என்ன? அகராதியப் பாத்தாலும் அதான இருக்கு. உம்மேல தப்பே இல்லம்மா. பாம்புன்னு ஒரு வார்த்தை சொல்லிருந்தா அந்தப் பையன் கைய விடுவானா? நான் அப்படித்தான் எழுதிருக்கேன். நீ வந்து ஆமான்னு தலையாட்டுனா போதும்."

நல்லுசாமி கண்ணம்மாளை இனித் தோட்டத்துப் பக்கம் வரக்கூடாது என்று சொல்லிவிட்டாராம். வெள்ளைக்காரப் பையனைச் சாகக் கொடுக்கப் பார்த்தாள் என்று ஊரே பேசுகிறதாம். சார் இதையும் சாதாரணமாகத்தான் சொன்னார். "அந்தம்மாவுக்கு வேற தோட்டமா கெடைக்காது? நீ உன் வேலையப் பாரு. ரூமுக்குப் பேன் மாட்டச் சொல்லிருக்கேன்."

சரி என்று சொன்னேனா, தலையாட்டினேனா என்று ஞாபகம் இல்லை. அவர் கை கழுவிவிட்டுச் சந்தோஷமாகப் போனார்.

ஜூலை 10, வியாழன்

சித்தையன்கோட்டைக்குப் போய்க் கண்ணம்மாளைப் பார்த்தேன். வாசலில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தார். எழுந்து சேலையில் கை துடைத்தார்.

"பையன் எப்பிடி இருக்கான் தாயி?"

இருக்கிறான் என்றேன்.

"நாந்தேன் பாவி. அதோட பேரைச் சொல்லிருக்கணும். வாயி வரல. தோட்டத்துக்குள்ள நின்னுக்கிட்டு எப்பிடிச் சொல்றது? சொன்னா வந்து நிக்கும்ல. இம்புட்டு வயசுக்கும் ஒரு நா சொன்னதில்ல."

"நீங்க சரியாத்தான் சொன்னீங்கக்கா."

"சரியாச் சொன்னா அவன் ஏன் கைய விடுறான்?"

ஒரு திட்டு திட்டியிருக்கலாம். தமிழ் தெரிந்தவள்தானே நீ, உனக்கு எங்கே போச்சு புத்தி என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. என்னை அந்தக் கணக்கில் சேர்க்கவே இல்லை. நான் படித்தவள், நான் சொன்னது சரியாகத்தான் இருக்கும் என்று மனதார நம்பிக்கொண்டிருக்கிறார். காபி போடுகிறேன் என்றார். வேண்டாமென்று ஓடி வந்துவிட்டேன்.

பஸ்ஸில் எனக்கு நெஞ்சு எரிந்தது. கோபம்தான். யார் மேல் என்று கேட்டால்? என் மேல்தான். வேறு யார் மேல்.

ஜூலை 12, சனி

மத்தியாஸ் பிழைத்துக்கொண்டான். சிறுநீரகம் திரும்ப வேலை செய்கிறது. ஆள்காட்டி விரலின் நுனியை எடுத்துவிட்டார்கள். கட்டுப்போட்ட கையைத் தூக்கிக் காட்டி, அந்தம்மா சொன்னது பூச்சி என்றுதானே என்று கேட்டான். நானும் அப்படித்தான் கேட்டேன், எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது என்றான்.

ஆமாம், பூச்சி என்றுதான் சொன்னார் என்றேன்.

ஜூலை 14, திங்கள்

கூட்டம். இங்கர், பிராங்கிளின் சார், நான். கணினித் திரையில் டென்மார்க்கிலிருந்து இரண்டு பேர். சார் அறிக்கையை வாசித்தார். உள்ளூர்த் தொழிலாளி எச்சரிக்கையைத் தெளிவாகச் சொல்லவில்லை. மொழிபெயர்ப்பு சரியாகவே இருந்தது. வாசித்துவிட்டு என்னைப் பார்த்தார். வாசலுக்கு வெளியே அந்த ரூமின் சன்னல் தெரிந்தது. பேன் மாட்டியிருந்தார்கள்.

"அவர் பாம்பு என்றுதான் சொன்னார்" என்றேன்.

சார் தமிழுக்கு மாறினார். "ஏம்மா, என்ன பேசுற? பூச்சின்னுதான சொன்னாங்க?"

"தோட்டத்துல நின்னு சொன்னா ரெண்டும் ஒண்ணுதான் சார். உங்களுக்குத் தெரியாதா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். நான் ஆங்கிலத்தில் சொன்னேன். இங்கே ஏன் அதன் பேரைச் சொல்ல மாட்டார்கள், பூச்சி என்றால் யாருக்கு என்ன புரியும், முதல் வாரம் அந்தப் பெண்கள் எதற்குச் சிரித்தார்கள், எல்லாவற்றையும். இங்கர் எழுதிக்கொள்ளவில்லை. இது உங்களுக்கு முன்பே தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றேன். அப்படியானால் ஏன் என்றார்.

பிப்ரவரியில் நடந்ததைச் சொன்னேன். ஆங்கிலத்தில் நாலைந்து வார்த்தை. சந்தைக்குப் போய்வந்ததைச் சொல்வதுபோல் வந்துவிட்டது. இறந்துவிட்டது என்பதற்கு உள்ள அந்த வார்த்தையையும் சொன்னேன். அதன் பிறகு எதுவும் எனக்குள் போவதில்லை, யார் பேசினாலும் வெறும் சத்தமாக வந்து போகிறது, கண்ணம்மாள் சொன்னதும் அப்படித்தான் போனது என்றேன். இது சாக்கு இல்லை, கேட்டதால் சொல்கிறேன் என்றும் சொன்னேன்.

இங்கர் நோட்டை மூடி வைத்துவிட்டுக் கேட்டார்: "பெயர் என்ன?"

"யார் பெயர்? கண்ணம்மாள்."

"இல்லை. உங்கள் குழந்தையின் பெயர்."

பெயர் கிடையாது என்றேன். அவர் வேறெதுவும் கேட்காமல் விட்டிருக்கலாம். ஆண் குழந்தையா, பெண் குழந்தையா என்றார். எனக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரியவில்லை என்பதே அந்த நிமிஷம்தான் எனக்குத் தெரிந்தது. மயக்கம் தெளிந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. எங்கள் ஊரில் எல்லாம் முடிந்த பிறகுகூடப் பெயர் வைத்து, நாள் வைத்து நினைப்போம் என்றார் இங்கர். உங்கள் ஊரில் எப்படி என்று கேட்கவில்லை. பாவம், அது அவருடைய பாடத்தின் கேள்வி, இன்று கேட்கவில்லை.

ஆங்கிலத்தில் சொன்னதை இங்கே தமிழில் எழுதலாம் என்று பேனாவை வைத்துப் பார்த்தேன். வரவில்லை.

ஜூலை 15, செவ்வாய்

மத்தியாஸிடமும் உண்மையைச் சொன்னேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். இன்றைக்கு உங்களோடு பேச முடியாது என்றான். நியாயம்தானே.

ஜூலை 18, வெள்ளி

நேற்று மத்தியாஸின் அம்மா வந்து அவனைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார். அவன் என்னிடம் இடது கையை நீட்டினான், குலுக்கினேன். மன்னித்தானா என்று தெரியாது.

இன்று இங்கர் கண்ணம்மாள் வீட்டுக்குப் போக வேண்டும் என்றார். நான்தான் மொழிபெயர்த்தேன். நீங்கள் எச்சரித்தீர்கள், எங்களுக்குத்தான் புரியவில்லை, மன்னியுங்கள் என்றார் இங்கர். நான் அதோடு, "எங்களுக்கு இல்லக்கா, எனக்குத்தான். நான்தான் தப்பாச் சொல்லிட்டேன்" என்று சேர்த்துக்கொண்டேன்.

கண்ணம்மாள் என் பக்கம் திரும்பினார். "தெரிஞ்சேவா?"

"காதுல ஏறலக்கா."

"என்ன புள்ள நீ!" என்றார். கோபமாகத்தான் சொன்னார். எனக்கு அது தேவையாக இருந்தது. பிறகு இங்கரைப் பார்த்து, "பையன் பொழச்சுக்கிட்டான்ல, அது போதும்னு சொல்லு. இதையாச்சும் ஒழுங்காச் சொல்லு" என்றார். ஒழுங்காகச் சொன்னேன்.

நல்லுசாமி திரும்ப வேலைக்கு வரச் சொல்லி ஆள் அனுப்பியிருக்கிறார். "கூப்டவுடனே ஓடிப் போய் நிக்கணுமா? ஆடி கழியட்டும், பாப்போம்" என்றார் கண்ணம்மாள். இப்போது வேறு தோட்டத்துக்குப் போகிறாராம்.

ஒருங்கிணைப்பாளர் வேலைக்கு வத்தலக்குண்டிலிருந்து பாத்திமா என்று ஒரு பெண் வருகிறார். பிராங்கிளின் சார் இதை முகத்தைப் பார்க்காமல் சொன்னார். ரூமை ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு வந்தேன். வருத்தமாகத்தான் இருந்தது. இருக்கட்டும், வருத்தம் என்று ஒன்றாவது இருக்கிறதே.

ஜூலை 20, ஞாயிறு

வீட்டுக்கு வந்தாயிற்று. சாயங்காலம் அத்தை ஜெபக் கூட்டத்துக்குப் போயிருந்தார். பாக்கியராஜ் மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தார். காற்று துணியைப் பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி அடித்தது. அவர் கையில் இருந்ததை வாங்கிக் கொடியில் போட்டுவிட்டுக் கேட்டேன்.

"ஆம்பளையா, பொம்பளையா?"

எது என்று அவர் கேட்கவில்லை. "பொம்பளப் புள்ள" என்றார்.

"ஏன் சொல்லல?"

"நீ கேக்கல. பேசுனா நீ இன்னும் மோசமாயிருவன்னு அம்மா பயந்தாங்க. எனக்கும் பயமாத்தான் இருந்துச்சு." கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்தார். "கல்லறைக்கு நானும் குழி வெட்டுறவரும் மட்டுந்தான் போனோம். ஞானஸ்நானம் குடுக்காத புள்ளைக்கு எதுக்குப் பேருன்னாங்க. எனக்கு மனசு கேக்கல. மண்ணத் தள்ளும்போது ஒரு பேரச் சொல்லிக் கூப்ட்டேன்."

"என்ன பேரு?"

"ஜெசிந்தா."

எங்கம்மா பேரு. எனக்குக் கல்யாணம் ஆவதற்கு முந்தின வருஷம் போனவர். இவர் அம்மாவைப் பார்த்ததுகூட இல்லை.

"அங்க அவங்க இருப்பாங்கல்ல. பாத்துக்கிடுவாங்கன்னு தோணுச்சு. தப்பா?"

எனக்கு வந்ததே ஒரு ஆத்திரம். அவர் நெஞ்சில் இரண்டு கையாலும் குத்தினேன். அஞ்சு மாசமா ஒங்களுக்கு மட்டும் பேரு இருந்துச்சா? எனக்கு ஒண்ணுமே இல்ல. கூப்டறதுக்கு ஒரு பேருகூட இல்ல. நீங்க மட்டும் கூப்ட்டுக்கிட்டு இருந்தீங்களா? பெத்தவ நான், எனக்குத் தெரியல. கத்தியது கீழ்வீடு வரை கேட்டிருக்கும். கேட்கட்டும். அவர் குத்து வாங்கிக்கொண்டே நின்றார், அவரும் அழுதார். அப்புறம் எனக்கும் வந்தது. வந்தால் நிற்கவில்லை. வாந்தி எடுக்கிற மாதிரி வயிற்றிலிருந்து வந்தது. இருட்டும் வரை மாடியிலேயே இருந்தோம்.

எம் புள்ள செத்துப் போச்சு. ஜெசிந்தா செத்துப் போச்சு.

எழுதிட்டேன்.

ஜூலை 23, புதன்

தலைவலி. முகமெல்லாம் வீக்கம். பாக்கியராஜ் லீவு போட்டுவிட்டு என்னைக் கல்லறைக்குக் கூட்டிப் போனார். ஓரத்தில், வேலிப் பக்கம். புல் முளைத்திருந்தது. என்ன பேசுவது என்று தெரியாமல், அம்மா சொன்ன பேச்சைக் கேட்டு இரு என்று சொல்லிவிட்டு வந்தேன். எந்த அம்மா என்று சொல்லவில்லை. அவளுக்குத் தெரியும்.

வரும் வழியில் கோயில் அலுவலகத்தில், ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் வாசிக்க அவள் பேரைக் கொடுத்தோம். அத்தையிடம் சொன்னோம். பாதியிலேயே எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார். ஊர் முழுக்க மைக்கில் கேட்கும், அவருக்குப் பிடிக்காது என்று தெரியும். கொடுத்தது கொடுத்ததுதான்.

ஜூலை 27, ஞாயிறு

முதல் பூசை. பெண்கள் பக்கம் நடு வரிசையில் நானும் அத்தையும். உபதேசியார் மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு இன்றைய பூசை யார் யாருக்காக என்ற கருத்துகளை வாசித்தார். ஒரு வீடு கட்டுகிறவர், ஒரு ஆபரேஷன், ஒரு வருஷ நினைவு. பிறகு: "மறைந்த ஜெசிந்தா நினைவாக, பாக்கியராஜ் கிளாரா குடும்பத்தார் ஒப்புக்கொடுக்கும் திருப்பலி." ஸ்பீக்கர் வெளியே தெருவிலும் சொன்னது.

முன் வரிசை ரூபியக்கா திரும்பி அத்தையிடம் குசுகுசுத்தார். "யாரு, கிளாராவோட அம்மாவா? அவங்க போயி எம்புட்டு வருஷம் ஆச்சே?"

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அத்தை, குசுகுசுக்காமல், சுற்றி இருந்தவர்கள் எல்லோருக்கும் கேட்கிற மாதிரியே சொன்னார்.

"இல்ல. அது எம் பேத்தி."